தேநீர் மேசையில் பழைய ஸ்கேட்டுகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல வீட்டு வாசற்கதவுகளில் ஒரு ஜோடி பழைய ஐஸ் ஸ்கேட் தொங்கும். வெள்ளைத் தோல் பூட்ஸின் வாயில் ஊசியிலைக் கொப்புகளும் பைன் காய்களும் செருகியிருக்கும். கயிறு இருந்த இடத்தில் சிவப்பு ரிப்பன். நண்பர்களைத் தேநீருக்கு அழைக்கும் மாலைகளில் அதே ஸ்கேட் மேசை நடுவுக்கு வந்துவிடும். பண்டிகைக்கால ஒப்பனைதானே என்று பலரும் இதைக் கடந்து போகிறார்கள். பெயின்ட் அடிப்பது, மினுக்குத்தூள் தூவுவது, பூச்சாடியாக மாற்றுவது என்று அலங்காரக் குறிப்பு எழுதுபவர்களும் அப்படித்தான் அதைக் கையாளுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. குளிர்காலத் தேநீர் மேசை பழைய ஸ்கேட்டுக்கு உரிமையுள்ள இடம். ஆனால் அது ஸ்கேட்டாகவே இருக்கும்வரைதான் அந்த உரிமை. நெதர்லாந்தின் கதையைத் தெரிந்துகொண்டால் இப்படிச் சொல்வதற்கான காரணம் விளங்கும்.

பனிக்கட்டியில் சறுக்கிப்போக மனிதர்கள் முதலில் மாட்டெலும்பையும் குதிரையெலும்பையும்தான் காலில் கட்டினார்கள். 12-ஆம் நூற்றாண்டு லண்டன் இளைஞர்கள் அப்படிச் சறுக்கியதை வில்லியம் ஃபிட்ஸ்டீஃபன் எழுதிவைத்திருக்கிறார். எலும்புக்குக் கூரான விளிம்பு கிடையாது. எனவே இரும்பு முனை வைத்த கோலால் பனியைக் குத்தித் தள்ளித்தான் நகர முடியும். இடைக்காலத்தில் மரக்கட்டையில் இரும்புத் தகடு பதித்த ஸ்கேட் வந்தது. தகட்டின் விளிம்பு பனியைப் பற்றிக்கொண்டதால் காலாலேயே உந்தலாம் என்றாயிற்று. கோல் போயிற்று, கைகள் விடுபட்டன. கால்வாய்களால் பின்னப்பட்ட நெதர்லாந்தில் இது பெரிய மாற்றம். உறைபனியில் படகுகள் நின்றுபோகும் நாட்களில் கால்வாயே சாலையாயிற்று. சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் அதன் மேலேயே போனார்கள். காம்பென் நகரில் வாழ்ந்த, வாய் பேச இயலாத ஓவியர் ஹென்ட்ரிக் ஆவர்காம்ப் (1585–1634) தீட்டிய குளிர்காலக் காட்சிகளில் சீமானும் கூலியாளும் ஒரே பனித்தரையில் கலந்து நிற்கிறார்கள். அந்தப் பனிமேலேயே கடையும் போட்டார்கள். கூக்-என்-சோப்பி என்று அதற்குப் பெயர். கூக் என்பது கேக். சோப்பி என்பது பீரில் முட்டை, பட்டை, கிராம்பு, ரம் சேர்த்துக் காய்ச்சிய பானம். இன்றைய கடைகளில் சூடான சாக்லேட்டும் கெட்டியான பட்டாணி சூப்பும் கிடைக்கின்றன. பயணம், சந்திப்பு, சூடான ஒரு குவளை ஆகிய மூன்றையும் அங்கே யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. விருந்தாளியைக் கொண்டுவந்து சேர்த்த வாகனம் விருந்து மேசையில் இருப்பதில் என்ன முரண்பாடு?

தேநீரே வேண்டும் என்பவர்கள் எல்லை தாண்டி ஜெர்மனியின் கிழக்கு ஃபிரீஸ்லாந்துக்குப் போகலாம். அங்கே ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 300 லிட்டர் தேநீர் குடிக்கிறார். கோப்பையில் முதலில் ஒரு பெரிய கற்கண்டைப் போட்டு அதன்மேல் சூடான தேநீரை ஊற்றுகிறார்கள். கற்கண்டு படபடவென்று வெடிக்கும் ஓசையும் விருந்தில் சேர்த்திதான். ஓரமாகப் பாலேட்டை விட்டுக் கலக்காமல் குடிக்கிறார்கள். மூன்று கோப்பை வரை மறுக்கக்கூடாது. போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட வேண்டும். குளிர் கடித்த கைகளோடு வருகிறவரை நிதானமாக உட்காரவைக்கும் ஏற்பாடு இது.

சரி, ஸ்கேட் மேசைக்கு வரட்டும். எந்தக் கோலத்தில் வர வேண்டும்? நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து மாகாணத்துப் பழைய ஸ்கேட்டில் பாதம் வைக்க ஒரு மரக்கட்டை, கீழே நீண்ட இரும்புத் தகடு, சாதாரணக் காலணிக்கு மேல் இழுத்துக் கட்டத் தோல்வார் ஆகியவைதான் உண்டு. பலவற்றில் செய்தவரின் முத்திரை இருக்கும். வார் தேய்த்த தடமும் திரும்பத் திரும்பச் சாணை பிடித்ததில் குறைந்துபோன தகடும் அது எவ்வளவு ஓடியது என்பதைக் காட்டிவிடும். வெள்ளை பூட்ஸுக்கும் வரலாறு உண்டு. கறுப்பு ஸ்கேட்டே வழக்கமாக இருந்த காலத்தில் வெள்ளையைப் பெண்களிடையே பரவலாக்கியவர் 1928, 1932, 1936 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற நார்வே வீராங்கனை சோன்யா ஹெனி. ஒரு கோட்டு பெயின்ட் இத்தனையையும் மூடிவிடும். ஃபிரீஸ்லாந்தின் ஹின்டலோப்பன் ஊரே வண்ண ஓவியம் தீட்டிய மரச்சாமான்களுக்குப் பேர்போனதாயிற்றே, பெயின்ட் அடித்தால் என்ன குற்றம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த ஓவியம் பொருளுக்கு அழகு சேர்க்கத் தீட்டியது. உழைத்துத் தேய்ந்த தடங்களை அழிக்க அல்ல. அதே ஊரில் ஸ்கேட்டுகளுக்கென்று ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பூ வைக்க ஆசையிருந்தால் பூட்ஸுக்குள் ஒரு சிறு கண்ணாடிக் குவளையை இறக்கி அதில் தண்ணீர் ஊற்றலாம். தோல் நனையாது, தகடு துருப்பிடிக்காது. தகட்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். ஹீட்டர் பக்கத்தில் மட்டும் வைக்கக்கூடாது, மரம் வெடித்துவிடும்.

ஓட வேண்டிய பொருளை ஆணியில் மாட்டலாமா என்பது இன்னொரு கேள்வி. நல்ல நிலையிலுள்ள ஸ்கேட்டைப் பற்றியென்றால் மாட்டக்கூடாது என்பதே என் எண்ணமும். பக்கத்து வீட்டுக் குழந்தை ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பனியில் பழகும்போது அதன் காலில்தான் அது இருக்க வேண்டும். கட்டை விரிந்து, வார் உலர்ந்து, தகடு ஆடுகிற ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் கணுக்கால்தான் போகும். அலங்காரத்துக்கு அவையே போதும்.

கடுமையான மறுப்பு வேறொன்று: பனியே உறையாமல் போகும் காலத்தில் ஸ்கேட்டைத் தொங்கவிடுவது இழப்புக்கு ரிப்பன் கட்டுவதல்லவா? ஃபிரீஸ்லாந்தின் பதினொரு ஊர்களைச் சுற்றிவரும் எல்ஃப்ஸ்டெடன்டோக்ட் ஸ்கேட் ஓட்டம் சுமார் 200 கிலோமீட்டர் நீளம். வழி முழுவதும் பனி 15 சென்டிமீட்டர் தடித்தால்தான் நடக்கும். 1909-இல் தொடங்கி இதுவரை 15 முறை நடந்திருக்கிறது. கடைசி ஓட்டம் 1997 ஜனவரி 4. கனடாவின் ஒட்டாவாவில் 7.8 கிலோமீட்டர் நீளும் ரிடோ கால்வாய்ப் பனித்தளமும் 2022–23 குளிர்காலத்தில் முதன்முறையாகத் திறக்கப்படவே இல்லை. வெறும் அழகுக்காகத் தொங்கினால் இந்த மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை. யாருடையது, எந்தக் கால்வாயில் ஓடியது, கடைசியாக எந்த ஆண்டு என்று ஒரு சீட்டில் எழுதி வாரில் கட்டிவிட்டால் நிலைமை மாறுகிறது. விருந்துக்கு வந்த பிள்ளை அதைக் கையில் எடுத்துப் பார்க்கும், கேட்கும். பதில் சொல்ல மேசையில் ஆள் இருக்க வேண்டும். 1963 ஜனவரி 18-இல் பனிப்புயலுக்கு நடுவே நடந்த எல்ஃப்ஸ்டெடன்டோக்டில் பத்தாயிரம் பேருக்கு நெருக்கமாகப் புறப்பட்டார்கள். ஓடி முடித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. வென்றவர் ரைனியர் பாப்பிங். அன்று இருபது வயதில் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. விருந்துக்கு முதல் அழைப்பு அவர்களுக்குத்தான் போக வேண்டும், அதுவும் இந்தக் குளிர்காலத்திலேயே.