பழங்காரும் ஸ்கேனரும்

வாய்பேசா விலங்கிற்கு நோய் காணும் மருத்துவன் அதன் நடையையும் மூச்சையும் உற்றுநோக்கியே உண்மை உணர்தல் வேண்டும். நெடுநாள் கொட்டகையிற் கிடந்த பழைய காரும் அத்தகையதே. எனினும் இக்காலத்துக் கார்களுக்கு ஒருவாறு பேசும் ஆற்றல் உண்டு. அப்பேச்சை நமக்கு உணர்த்துங் கருவி ஸ்கேனர் எனப்படும். அதனைத் தெரிந்தெடுக்கும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

காரினுள் அமைந்த கணினி, சென்சார்கள் பல தரும் அளவுகளை ஓயாது ஆராய்கின்றது. பிழை காணின் அதனை ஒரு குறியெண்ணாகப் பதிந்து, செக் என்ஜின் விளக்கை ஏற்றும். இவ்வமைப்பிற்கு ஓ.பி.டி. என்று பெயர். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரி முதற்கொண்டு இதன் இரண்டாம் படி கார்களுக்குக் கட்டாயமாயிற்று. நம் நாட்டிலோ, பாரத் நான்காம் நிலைக் கார்களுக்கு முதற்படி 2010 ஏப்ரலிலும், இரண்டாம் படி 2013 ஏப்ரலிலும் விதிக்கப்பட்டன. ஆதலின், ஸ்கேனர் வாங்கப் புகுவோர் முதற்கண் வினவற்பாலது, தாம் சோதிக்கும் கார் எவ்வாண்டினது என்பதேயாம். கார்புரேட்டர் பூண்ட அம்பாசடரிடம் எத்துணை விலையுயர்ந்த ஸ்கேனரும் ஊமையே. இடைக்காலத்துக் கார்கள் சிலவற்றில் பதினாறு முனைச் செருகுவாய் இருந்தும், உள்ளே வழங்கும் மொழி அவ்வக் கம்பெனிக்கே உரியதாதல் உண்டு. செருகுவாயின் வடிவை மட்டும் கண்டு கருவி வாங்குவோர் ஏமாறுவர்.

ஸ்கேனர்களை மூவகையாகப் பகுக்கலாம். முதல்வகை, என்ஜினின் பொதுக் குறியெண்களைப் படித்து அழிக்கும் எளிய கருவி. கைப்பேசியுடன் புளூடூத் வழி இணைவனவும் இதன்பாற்படும். இரண்டாம் வகை, ஏ.பி.எஸ். பிரேக்கு, ஏர்பேக் முதலியவற்றின் பிழைகளையுங் காட்டும். மூன்றாம் வகை, பெட்ரோல் பம்பையும் விசிறியையும் ஓடுமாறு ஏவிப் பார்க்கவல்லது, பட்டறைக்கே ஏற்றது. பழங்கார்களை மதிப்பிடுவார்க்கு இரண்டாம் வகை பெரும்பாலும் போதும். ஆனால் அது பழைய மொழிகள் பலவற்றை அறிதலும், ஓடும் என்ஜினின் அளவுகளை உடனுக்குடன் காட்டுதலும், 'தயார்நிலை' காட்டுதலும் இன்றியமையாதன. தயார்நிலையாவது, கணினி தன் சோதனைகளை முடித்ததோ இல்லையோ என்னுங் குறிப்பு. இதன் அருமையை யாம் அனுபவத்தால் அறிந்தோம்.

எம் மாமா, தம் சேமிப்பைக்கொண்டு 2014ஆம் ஆண்டுக் கார் ஒன்றை வாங்க எண்ணினார். உடையவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்; மனைவியார் மறைந்தபின் காரைத் தொடாதிருந்தவர். ஸ்கேனரை இணைத்தோம். குறியெண் ஒன்றுமில்லை, ஆயினும் தயார்நிலைச் சோதனைகளுட் பல முடியாதிருந்தன. பிழைகளை அழித்துவிட்டு விற்பவர் வண்டியில் இவ்வாறே காணும் என்று யாம் படித்திருந்தோம். "பெரியவர் நம்மை ஏமாற்றப் பார்க்கிறார், மாமா" என்று யாமே கூறினோம். அச்சொல் அவர் செவியில் விழுந்தது. அவர் மறுமொழி கூறாது உள்ளே சென்றார்.

உடன்வந்த மெக்கானிக் முன்மூடியைத் திறந்து, "தம்பி, பாட்டரி புதிது, பார்க்கவில்லையா?" என்றார். பாட்டரி செத்தாலும், கழற்றப்பட்டாலும், பல கார்களில் அந்நினைவு அழியும். நெடுநாட் கிடந்த காரில் அஃது இயல்பேயன்றி வஞ்சமன்று. அவர் முதலில் வெடித்த டயர்களை மாற்றி, பழைய பிரேக் எண்ணெயைப் புதுப்பித்தார். இவற்றைப்பற்றி ஸ்கேனர் ஒரு சொல்லும் சொல்லிற்றில்லை. பின்னர் உடையவர் இசைவுடன் மூன்று நாள் ஓட்டினோம். சோதனைகள் நிறைவெய்தின, பி 0171 என்னும் குறியெண் தோன்றிற்று. காற்று மிக்குப் பெட்ரோல் குறைந்தது என்பது அதன் பொருள். சென்சார் பழுதென்று யாம் கருதினோம். தேடியபோது, எலி கடித்த ஒரு ரப்பர்க் குழாயே அதற்குக் காரணமாயிற்று. குறியெண் நோயின் குறியைக் கூறுமேயன்றி, மாற்றவேண்டிய உறுப்பைக் கூறாது.

மாமா காரை வாங்கினார். யாம் பெரியவரிடஞ் சென்று பிழை பொறுக்க வேண்டினோம். அவர் தேநீர் தந்து, "காரை நாள்தோறும் ஓட்டுங்கள்" என்று மட்டும் கூறினார்.

ஆதலின் நண்பர்காள், காரின் ஆண்டறிந்து கருவி கொள்ளுங்கள்; பாட்டரியைச் சீராக்கிய பின்னரே இணையுங்கள்; குறியெண்ணைக் குறித்துக்கொள்ளாமல் அழியாதீர்கள்; ஓட்டியபின் மீண்டும் நோக்குங்கள். கருவி காட்டுவது ஒரு சாட்சி, தீர்ப்பன்று. தீர்ப்புக் கூறுமுன் முன்மூடியைத் திறந்து பார்த்தல் காருக்கு மட்டுமன்றி, காருடையார்க்கும் நாம் செய்யக் கடவதொரு நீதியாம்.