புதைத்த குழாய் நகருமா?

இரும்பு சூடேறினால் நீளும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். பழைய தண்டவாளங்களின் இணைப்பில் இடைவெளி விட்டதும் இதற்காகத்தான். ஆனால், மண்ணுக்கடியில் செல்லும் எண்ணெய்க் குழாய் முழுவதும் பற்றவைத்த ஒரே குழாய். அதில் இடைவெளி ஏது? நீள வேண்டிய நீளம் எங்கே போகிறது?

ராஜஸ்தானத்துப் பார்மேர் மாவட்டத்தில் 2004-இல் கண்டறியப்பட்ட மங்களா வயலின் எண்ணெய், மெழுகு மிகுந்தது, ஆறினால் உறைந்துவிடும். ஆகவே அதைச் சுமார் 65 டிகிரிச் சூட்டுக்குக் குறையாமல், புதைத்த குழாய் வழியே குஜராத்துக்கு அனுப்புகிறார்கள். இத்தகைய குழாய் ஒன்றை 30 டிகிரியில் புதைத்ததாக வைத்துக்கொள்வோம். எஃகு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். 35 டிகிரி ஏறினால், கிலோமீட்டருக்கு 42 சென்டிமீட்டர் நீள வேண்டும்!

நீள விடாமல் பிடித்துக்கொள்வது மண். குழாயின் நுனி வெளியே தள்ள முயலும்போது, ஒவ்வொரு மீட்டர் மண்ணும் தன் உராய்வால் சிறிது தடுக்கிறது. எண்ணெயின் அழுத்தத்தை இப்போது விட்டுவிடுவோம். 60 செ.மீ. குறுக்களவும் 12 மி.மீ. தடிப்பும் உள்ள குழாயை அசையாமல் நிறுத்த ஏறக்குறைய 200 டன் விசை வேண்டும். மீட்டருக்கு ஒரு டன் உராய்வு கிடைத்தால், நுனியிலிருந்து 200 மீட்டரில் தடை முழுமை பெறும். அதற்கப்பால் குழாய் அசையாது. நீள முடியாத நீளம், அமுக்கு விசையாக உள்ளேயே நிற்கும். நுனி நகர்வது 4 செ.மீ. அளவுதான்.

ஆனால் எஃகின் குணம் புத்தகத்தில் கிடைக்கும். மண்ணின் குணம் அப்படிக் கிடைக்காது. ஈரமும் ஆழமும் மண்ணை இறுக்கிய விதமும் இடத்துக்கு இடம் மாறும். உராய்வு பாதிதான் என்றால், நுனி 8 செ.மீ. நகரும், 4 செ.மீ. என்று நம்பி அமைத்த வளைவும் வால்வும் ஆபத்துக்குள்ளாகும்.

“அப்படியானால் உராய்வைக் குறைவாகவே வைத்துக்கொள்வோமே” எனலாம். அதிலும் ஆபத்து உண்டு. நுனியிலிருந்து 100 மீட்டரில் குழாய் ஒரு மேட்டில் ஏறி இறங்குகிறது. அங்கே 50 டன் என்று நம் கணக்கு சொல்லும். உண்மையில் 100 டன் இருக்கும். அந்த விசை, மேலே மூடிய மண்ணைப் பிளந்துகொண்டு குழாயை வளைத்து வெளியே தூக்கக்கூடும்.

ஆகவே கணக்கை இரண்டு முறை போடவேண்டும்: மண்ணின் பிடி மிகக் குறைந்தால் ஒன்று, மிக மிகுந்தால் மற்றொன்று. குழாய் இரண்டையும் தாங்கவேண்டும். தேர்வுத் தாளில் ஒரே விடையை எழுதிப் பழகியவர்கள் நாம்; மண்ணுக்கு முன்னே இரண்டு விடை எழுதத் தெரிந்தவனே பொறியாளன்.