எந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறோம்?

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓர் ஆள்கொணர்வு மனு வந்தது. 25 வயதுப் பெண் ஒருவரை அவருடைய பெற்றோர் அடைத்துவைத்திருப்பதாகத் தோழி தொடுத்த வழக்கு அது. தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதையும், வீட்டில் தன்னை அடித்ததையும், ‘சரியாக்க’ச் சடங்குகள் செய்யவைத்ததையும் அந்தப் பெண் நீதிபதிகளிடம் நேரில் சொன்னார். முன்னதாக அவரைப் பெற்றோருடன் போகச் செய்ததே போலீஸ்தான். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு அவரை விருப்பம்போல் போக அனுமதித்தது, காவல்துறையைக் கண்டித்தது. பால்புதுமை இளைஞர்கள் மீதான வன்முறை என்றதும் தெருவும் பேருந்து நிலையமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பலருக்கு அது வீட்டில்தான் தொடங்குகிறது. அந்த வீட்டையே அடைக்கலம் என்று நம்பித் திருப்பி அனுப்பும் நம் வழக்கம்தான் அதை நீடிக்கவைக்கிறது.

வீட்டையும் பள்ளியையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது விளங்கும். தமிழகத்தில் யுனெஸ்கோ நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், பாலின, பாலியல் சிறுபான்மை இளைஞர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். பள்ளியில் முறையிட்டவர்கள் 18 விழுக்காடுதான். மூன்றில் ஒருவர் படிப்பையே விட்டிருந்தார். முறையிட்டால் பள்ளி முதலில் பெற்றோரைத்தான் அழைக்கும். அதுவரை மறைத்தது வீட்டுக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகள் வாய்மூடி இருப்பதற்கு இந்த ஒரு பயமே போதும். படிப்பு நின்றால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அடிக்கும் வீட்டைவிட்டு வெளியேறவும் வழி இல்லை. துணிந்து வெளியேறும் திருநங்கையரில் பலருக்குக் கடைகளில் காசு கேட்பதும் பாலியல் தொழிலுமே பிழைப்பாகி, தெருவின் வன்முறை சேர்ந்துகொள்கிறது. பெண்ணாகப் பிறந்தவர்களை அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். மனைவிக்கு 18 வயது ஆகிவிட்டால், திருமணத்துக்குள் நடக்கும் வல்லுறவை நம் சட்டம் வல்லுறவாகவே கருதுவதில்லை.

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த தன்பாலின இணையரான இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் முக்கியமான உத்தரவுகளை இட்டார். வயதுவந்தவர்கள் தம் விருப்பத்தால்தான் போனார்கள் என்று உறுதியானால் ‘காணவில்லை’ புகாரை முடித்துவிட வேண்டும். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை. பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று காவலர் நடத்தை விதிகளும் 2022இல் திருத்தப்பட்டன. ஆனால் 18 வயது ஆகாதவர்களின் நிலை வேறு. 2019இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைச் சட்டம், திருநரை வீட்டைவிட்டுத் துரத்துவதைக் குற்றமாக்கியது. அதே சட்டம், நீதிமன்ற உத்தரவின்றிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றது. பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் மறுவாழ்வு மையத்தைத்தான் காட்டியது. ஆதரவு தரும் ஜமாத்துக்கு, அதாவது திருநங்கையர் தமக்குள் அமைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு, அது இடம் தரவில்லை. திருநர் மீதான பாலியல் கொடுமைக்கும் அது வகுத்த உச்சத் தண்டனை இரண்டே ஆண்டுகள். பெண் மீதான வல்லுறவுக்கோ குறைந்தபட்சமே பத்து ஆண்டுகள்.

பெற்றோர் பாசத்தால்தானே செய்கிறார்கள் என்பார்கள். இருக்கலாம், ஊர் என்ன சொல்லுமோ என்ற பயமும் உண்மைதான். ஆனால் அடிபட்ட உடம்புக்கு அடித்தவரின் நோக்கம் மருந்தாகாது. இந்த வயதில் குழப்பம் இருக்கும் என்பது அடுத்த வாதம். குழப்பமாகவே இருக்கட்டும், தன்னைப் பற்றித் தீர்மானமாகத் தெரியாத பிள்ளையை அடிக்கலாம் என்று எந்த நியாயமும் சொல்லவில்லை. குடும்பத்துக்குள் அரசு நுழையலாமா என்று கேட்பவர்கள், குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும் எந்த வாசல் வழியாக நுழைந்தன என்று யோசிக்க வேண்டும். ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றால், அதற்கென என்சிஇஆர்டி 2021இல் வெளியிட்ட கையேடே எதிர்ப்பு எழுந்ததும் இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டதே!

செய்ய வேண்டியது என்ன என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றங்களுக்குத் தந்த நெறிமுறையிலேயே விடை உண்டு. ஆள்கொணர்வு வழக்கில் அடைத்துவைக்கப்பட்டவரை நீதிபதி தனியாகச் சந்தித்து அவர் விருப்பத்தைக் கேட்க வேண்டும். ஆலோசனை என்ற பெயரில் மனத்தை மாற்ற முயலக் கூடாது. வழக்குத் தொடுக்க யாராவது இருக்கும் சிலருக்கே இந்த வாய்ப்பு கிடைக்கிறது. காவல் நிலையமும் தலைமையாசிரியரும் குழந்தைகள் நலக்குழுவும் இதே முறையைக் கடைப்பிடிக்க வேண்டும்: பெற்றோரை அழைக்கும் முன்பு பிள்ளையைத் தனியே கேட்பது, பயம் என்று சொன்னால் அன்றிரவு தங்க வேறோர் இடம் தருவது. அந்த இடத்தை உருவாக்காமல் போடும் எந்தச் சட்டமும் கடைசியில் பிள்ளையை அடித்தவரிடமே ஒப்படைக்கும்.