பேர் சொல்லாத காதல்... நெய்தல் நிலம் சொல்லும் பிரேக்-அப் பாடம்!

நோணாங்குப்பம் போட் ஹவுஸுக்குப் போயிருக்கீங்களா? சுண்ணாம்பாறு கடலைத் தேடிப் போற அந்தக் கழியில படகேறி செல்ஃபி எடுத்திருப்பீங்க. இந்த மாதிரி இடத்துக்குச் சங்க இலக்கியம் வெச்ச பேர் நெய்தல். அதன் உரிப்பொருள் 'இரங்கல்'. அதாவது, போனவன் இன்னும் வரலையேன்னு கலங்குறது. நம்ம பாஷையில, ப்ளூ டிக் விழுந்தும் ரிப்ளை வராத ராத்திரி!

அந்தத் தலைவிக்கு இன்னொரு தலைவலி, 'அலர்'. காதலைப் பத்தி ஊரே பேசுறது. இன்னைக்கு அது ஸ்கிரீன்ஷாட்டா குரூப் குரூப்பா சுத்துது.

ஆனா ஒண்ணைக் கவனிங்க. அகப்பாடல்ல காதலர்களோட பேரைச் சொல்லக் கூடாதுங்கிறது தொல்காப்பியம் வகுத்த விதி. சொன்னா அது புறம் ஆயிடும். குறுந்தொகையோட 401 பாட்டுலயும் காதலிக்கிறவங்க வெறும் தலைவன், தலைவிதான். கோபம், சந்தேகம், அழுகை எல்லாம் உண்டு. 'எப்போ கல்யாணம்?'னு தோழி அவனை மடக்குவா. பேர் மட்டும் வராது. அதனாலதான் யாரோ ஒருத்தியோட வலி, படிக்கிற நம்ம வலியா மாறுது.

பிரேக்-அப் ஆன ராத்திரி ஸ்டோரி போடக் கை துறுதுறுங்குதா? வலியை எழுதுங்க, தோழிகிட்ட கொட்டுங்க. பேரையும் சாட்டையும் ஊருக்குக் கொடுக்காதீங்க. மிரட்டல், அடி, உதைன்னா கதையே வேற. அங்க பேரைச் சொல்லியே புகார் கொடுக்கணும்!