எல்லைக்கோடு யாருக்காக?

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆயிற்று. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும், சங்கராபுரம், அரியக்குடி முதலிய ஊராட்சிகளும் அதில் இணைக்கப்பட்டன. கானாடுகாத்தான் பேரூராட்சி அப்போது வெளியே நின்றது. நாளை கோடு இன்னும் நீண்டால்?

மாநகராட்சியே கூடாது என்பதல்ல நமது வாதம். குடிநீரும் வடிகாலும் வரட்டும், வரவேற்போம். ஆனால் ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் தொழிலாளிக்குக் கிராம சபை உண்டு. எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் தந்த உரிமை அது. ஊராட்சி நகரத்தில் கரைந்தால் அந்தச் சபை போகும். ஊரக வேலைத் திட்டமும் எல்லையிலேயே நின்றுவிடும். வரி மட்டும் நிற்குமா? நகரத்து விகிதத்தில் வீடு தேடி வரும்!

இணைப்புக்கு முன் அரசு அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்கிறது. கெடு முடிந்தபின் கொதித்தெழுந்து பயன் என்ன? தேநீர்க் கடையில் பேசியது கோப்பில் ஏறாது.

தோழர்களே! அறிவிப்பு வந்த அன்றே வீதி வீதியாகச் செல்லுங்கள். எந்தத் தெருவுக்கு எது வரும், எது போகும் என்று கணக்கெடுத்து எழுதுங்கள். கையெழுத்துத் திரட்டி மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் கேட்டு வாங்குங்கள். கோடு போடுவது அதிகாரி. அதற்குள் வாழப்போவது நாம்!