சென்னிமலைக் குமரன் ஏந்திய கொடி

காங்கிரஸ் மகாசபையைச் சட்டவிரோதமான ஸ்தாபனமென்று சர்க்கார் பிரகடனம் செய்து, காந்தியடிகளையும் சிறையில் வைத்திருந்த அந்த நாட்களில், 1932ஆம் வருஷம் ஜனவரி மாதம் 10ஆம் தேதி, கையில் கொடியேந்தித் திருப்பூர் வீதியில் சென்ற தொண்டர்களின் மேல் போலீசாரின் தடிகள் பாய்ந்தன. மண்டை பிளந்து விழுந்த பின்னும் பிடித்த கொடியை விடாத இளைஞர் குமாரசாமி மறுநாள் உயிர் நீத்தார். நெசவுக்குப் பேர்பெற்ற சென்னிமலையில் 1904ஆம் வருஷம் பிறந்து, திருப்பூருக்கு வந்து மில்லில் வேலை பார்த்த அவரைத்தான் கொடிகாத்த குமரன் என்று நாம் கொண்டாடுகிறோம்.

அந்தத் தியாகத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அன்று காங்கிரஸ்காரர்கள் ஏந்திய கொடி எது, அதன் அமைப்பில் பொதிந்திருந்த கருத்து என்ன என்பதைப் பற்றி நம்மவர்கள் அதிகமாகப் பேசுவதில்லை. அதுவே என் குறை.

1921இல் பெஜவாடாவில் கூடிய காங்கிரஸ் கமிட்டியின்போது, ஆந்திரரான பிங்கலி வெங்கய்யா சிவப்பும் பச்சையுமான ஒரு கொடியைக் காந்தியடிகளிடம் கொடுத்தார். நடுவில் ராட்டை இருக்க வேண்டுமென்ற யோசனை ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜுடையது. ஏனைய மதத்தினருக்காக வெள்ளையையும் சேர்க்கச் சொன்னவர் காந்தியடிகள். வர்ணத்துக்கு ஒரு மதமென்று பங்கு பிரித்த அந்த ஏற்பாடு, எங்கள் வர்ணம் எங்கே என்று சீக்கியர்கள் கேட்டபோது தடுமாறியது. 1931இல் இதை ஆராய நியமிக்கப்பட்ட ஏழு பேர் கமிட்டி, காவி நிறம் ஒன்றே போதும், அதில் ராட்டை இருக்கட்டும் என்று சிபாரிசு செய்தது. பம்பாயில் ஆகஸ்டு மாதம் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி அதை ஏற்காமல், காவி, வெள்ளை, பச்சை என்ற மூன்று பட்டைகளையும் வெள்ளையின் நடுவே நீல ராட்டையையும் நிர்ணயித்தது. வர்ணங்களுக்கு மத அர்த்தம் கிடையாது, தைரியமும் தியாகமும் காவிக்கு, சாந்தியும் சத்தியமும் வெள்ளைக்கு என்று விளக்கமும் கூறியது. ஆகவே, குமரன் உயிர் துறந்தபோது காங்கிரஸின் அந்தக் கொடிக்கு வயது ஐந்து மாதமே.

டென்மார்க் தேசத்துச் சிவப்புக் கொடியும் அதன் வெள்ளைச் சிலுவையும் 1219இல் ஒரு யுத்தகளத்தில் ஆகாயத்திலிருந்து விழுந்ததாக அந்நாட்டார் ஒரு கதை சொல்வார்கள். நமது கொடி கமிட்டிகளில் வாதாடி, நூற்று, நெய்து உண்டாக்கியது. எனக்கு அதுவே பெருமை.

1947ஆம் வருஷம் ஜூலை 22ஆம் தேதி அரசியல் நிர்ணய சபை ராட்டையின் இடத்தில் அசோக சக்கரத்தை வைத்ததற்கு, சாரநாத ஸ்தம்பத்தின் பெருமையோடு, நேரு சபையிலே எடுத்துச் சொன்ன நடைமுறைக் காரணமும் உண்டு. ராட்டையின் சக்கரம் ஒரு பக்கமும் கதிர் மறுபக்கமும் இருப்பதால், துணியைத் திருப்பிப் பார்த்தால் உருவம் இடம் வலம் மாறிவிடும். 24 ஆரங்கள் கொண்ட சக்கரமோ எப்பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றே. துணியின் முன்பக்கம் பின்பக்கம் பார்த்தே விலை பேசுகிற நம் கொங்கு நாட்டு வியாபாரிகளுக்கு இந்தக் காரணம் சட்டென்று விளங்கும். சக்கரம் அச்சிட்டதானாலும் தையலானாலும் இரு பக்கமும் முழுமையாகத் தெரிய வேண்டுமென்பது இன்றைய கொடி விதியிலும் இருக்கிறது. நீளமும் அகலமும் 3க்கு 2 என்பதும் அவ்விதமே.

கைநூற்பு, கைநெசவுத் துணியில்தான் கொடி செய்ய வேண்டுமென்று நெடுங்காலமாக நின்ற நிபந்தனை, 2021 டிசம்பரில் செய்த திருத்தத்தால் தளர்ந்து, விசைத்தறித் துணிக்கும் பாலியெஸ்டருக்கும் இடம் கிடைத்தது. மறுவருஷம் வீடுதோறும் கொடியேற்றச் சொன்னபோது, திருப்பூர், ஈரோடு, கோயமுத்தூர்ப் பக்கத்து ஆலைகளுக்கும் தையற்கூடங்களுக்கும் வேலை குவிந்ததை மறுக்க முடியாது. எளியவர் வீட்டிலும் கொடி பறந்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. எனினும் ராட்டை நீங்கிய பிற்பாடு, கொடியில் அந்த ராட்டையின் சாட்சியாக எஞ்சியிருந்தது கதர் ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். கதருக்கு விதி இன்னும் இடம் வைத்திருக்கிறது. பள்ளிகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் கொடி வாங்குகிறவர்கள், வரும் ஆகஸ்டு மாதத்துக்கு முன்பாகவே கதர்க் கடையில் சொல்லி வைத்தால், கதர்க் கொடியையே ஏற்றலாம்.