பூனைக் குலங்களும் எங்கள் தெருக்களும்

போன கோடை விடுமுறையில் சேத்தூரில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயசு. நான் அவன் வயசில் படித்த 'வாரியர்ஸ்' ஆங்கிலப் புத்தகங்கள் ஆறையும் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். மூன்று புத்தகம் முடிப்பதற்குள்ளேயே தெருவில் அந்த விளையாட்டு ஆரம்பித்துவிட்டது. எந்தப் பையன் எந்தக் குலம்னு எப்படிடா பிரிச்சீங்கன்னு கேட்டேன்.

"ஈஸி மாமா. தெருவை வெச்சுத்தான்."

புதுசாக வாடகைக்குக் குடிவந்த வீட்டுப் பையன் மட்டும் எந்தக் குலத்திலும் இல்லை. அவனுக்கு 'வீட்டுப்பூனை' வேஷம். மற்றவர்கள் அவனைத் துரத்த வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் 'தெருவை வெச்சு' என்றால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அன்று ராத்திரியே முதல் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். ஒரு வாரத்தில் ஆறையும் முடித்தேன். இது அந்த மறுவாசிப்பின் குறிப்பு.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக. எரின் ஹன்டர் என்பது ஒரு ஆள் இல்லை. விக்டோரியா ஹோம்ஸ், கேட் கேரி, செரித் பால்ட்ரி என்று பலர் சேர்ந்து எழுதும் புனைபெயர். முதல் புத்தகம் 2003-ல் வந்தது, முதல் ஆறும் 2004-க்குள் முடிந்தன. காட்டில் நான்கு பூனைக் குலங்கள். ரஸ்டி என்ற வீட்டுப்பூனைக் குட்டி காட்டுக்குப் போகிறது. 'கிட்டிபெட்' (மனிதர் மடியில் வளர்ந்தது) என்று கேலி செய்த பூனையோடு சண்டை போடும்போது கழுத்துப்பட்டை அறுந்து விழுகிறது. அங்கேயே புதுப்பெயர் கிடைக்கிறது. கடைசியில் அதுவே ஃபயர்ஸ்டார் என்ற குலத்தலைவன் ஆகிறது.

பன்னிரண்டு வயசில் எனக்கு இது என்னவாகத் தெரிந்தது? பிறப்பு முக்கியமில்லை, உழைப்பும் துணிச்சலும்தான் முக்கியம். புத்தகமும் அதைத்தான் வாயால் சொல்கிறது. அரைரத்தப் பூனைகளைக் கொல்லச் சொல்கிற டைகர்ஸ்டார்தான் வில்லன். சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆனால் கதை நடக்கிற விதத்தைப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது.

முதலாவது, அந்த வசவு. ஒரு வீட்டுப்பூனை தலைவன் ஆன பிறகும் 'கிட்டிபெட்' என்ற சொல் வசவாகவே இருக்கிறது. ஃபயர்ஸ்டார் அதை ஒழிப்பதில்லை. தனக்கு அது பொருந்தாது என்று நிரூபிக்கிறான். அவன் தங்கை மகன் மனிதர் வீட்டில் போய்ச் சாப்பிட்டு வரும்போது ஃபயர்ஹார்ட்டுக்கு (தலைவன் ஆவதற்கு முந்தைய பெயர்) வருவது கோபமும் கூச்சமும். ஒருத்தர் மேலே வந்துவிட்டால் ஊர் திருந்திவிட்டது என்று நினைப்பது நமக்கும் பழக்கமான ஏமாற்றம்தான்.

இரண்டாவது, சந்தேகம். டைகர்ஸ்டாரின் மகன் பிராம்பிள்கிளா அப்பனை உரித்து வைத்த மாதிரி இருக்கிறான். அதனாலேயே ஃபயர்ஸ்டார் அவனை நம்பத் தயங்குகிறான். பிறப்பை வைத்து அவமானப்பட்டவனே ஒரு குட்டியைப் பிறப்பை வைத்து எடைபோடுகிறான். இதைத் தப்பு என்று எழுத்தாளர்கள் காட்டத்தான் செய்கிறார்கள், ஆனால் அதே சந்தேகத்தை வைத்துத்தான் 2005-ல் தொடங்கும் அடுத்த ஆறு புத்தகத்தின் பரபரப்பையும் கட்டுகிறார்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிசாகப் பட்டது. 2007-ல் தொடங்கும் மூன்றாம் வரிசையில் ஒரு குறி சொல்லப்படுகிறது: பெரும் சக்தியோடு மூன்று பூனைகள் வரும், மூன்றும் ஃபயர்ஸ்டாரின் சொந்தத்தில் பிறக்கும். எந்தக் குலத்திலும் பிறக்காதவன் உழைத்து மேலே வந்தான் என்று தொடங்கிய கதை, அவன் ரத்தமே தனி ரத்தம் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறது. பழைய வம்சத்துக்குப் பதில் ஒரு புது வம்சம்.

பூனைகள் அப்படித்தானே என்று ஒருத்தர் கேட்கலாம். இல்லை. எங்கள் ஊரிலிருந்து மேற்கே தெரிகிற மலைக்காடு 2021 முதல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம், நாட்டின் 51-வது. அங்கே இருக்கிற புலியும் சிறுத்தையும் தனியாகத் திரிகிறவை. கண்மாய்க்கரைப் பக்கம் வரும் காட்டுப்பூனையும் அப்படியே. ஊர்ப்பூனைகள்தான் இரை நிறையக் கிடைக்கிற இடத்தில் கூட்டமாக இருக்கும், அதுவும் பெரும்பாலும் தாயும் மகள்களுமாக. குலம், எல்லை, கலப்புக்குத் தண்டனை, இதெல்லாம் பூனைக்கு நாம் கொடுத்தவை.

ரத்தச் சுத்தம் என்ன செய்யும் என்று பார்க்க எங்கள் வட்டாரத்தில் புத்தகமே வேண்டாம். ராஜபாளையம் நாயைப் பாருங்கள். 2005-ல் தபால் தலையில் வந்த வேட்டைநாய். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு இருந்தால்தான் 'ஒரிஜினல்' என்பார்கள். நிறத்தோடு பிறந்த குட்டிகளைக் கழித்துவிடுவது பல காலம் வழக்கமாக இருந்தது. ஆனால் நிறம் தோலோடு நிற்பதில்லை. உள்காதில் இருக்கிற நிறமிச் செல்கள்தான் கேட்கும் செல்களை உயிரோடு வைத்திருக்கின்றன. அந்த நிறமி வராத காதில், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். வெள்ளையை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில் செவிட்டுக் குட்டிகள் இந்த இனத்தின் தெரிந்த குறையாகிவிட்டன. சுத்தம் என்று நாம் தேடியது குறையையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தது.

சரி, இது வெறும் பூனைக்கதை, பிள்ளைகளை என்ன செய்துவிடும்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் தென்மாவட்டப் பள்ளிகளில் பையன்கள் சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருவதைத் தடுக்க 2019-லேயே பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், இந்தக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. பன்னிரண்டு வயசில் 'நாம எந்தப் பக்கம்' என்ற கேள்வி இங்கே விளையாட்டாகவே நின்றுவிடுவதில்லை.

அதற்காகப் புத்தகத்தைப் பிடுங்கி வைக்கவில்லை. கயிறு கட்டுவதைப் பூனைக்கதை கற்றுக்கொடுக்கவில்லை, பிரிக்கிற கோடு தெருவில் ஏற்கெனவே இருந்தது. தவிர, ஆறாவது புத்தகத்தில் ஒரு இடம் இருக்கிறது. ஸ்டோன்ஃபர் என்ற பூனையிடம், இரண்டு அரைரத்தக் குட்டி வீரர்களைக் கொன்று உன் விசுவாசத்தைக் காட்டு என்கிறான் டைகர்ஸ்டார். தன் பிறப்பும் அப்படித்தான் என்று ஸ்டோன்ஃபருக்கு அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தெரிந்திருக்கிறது. அவன் மறுக்கிறான், அதற்காகச் சாகிறான். அவனுக்காக எந்தக் குறியும் சொல்லப்படவில்லை, எந்த வம்சமும் அவனால் தொடங்கவில்லை. ஆறு புத்தகத்திலும் பிறப்பு முக்கியமில்லை என்பதைக் கதையே உண்மையாக நம்பி எழுதிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். சின்ன வயசில் இதை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன், எனக்கு அப்போது ஃபயர்ஸ்டார் ஜெயிக்கணும், அவ்வளவுதான்.

மறுநாள் மருமகனிடம், தெருவை விட்டுட்டுச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் குலம் பிரிங்கடான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அப்படின்னா எதுக்கு மாமா சண்டை போடணும்?"

நான் பதில் சொல்லவில்லை. சீட்டு எழுதக் காகிதம் மட்டும் கிழித்துக் கொடுத்தேன். முதல் சீட்டை எடுத்தது அந்த வாடகை வீட்டுப் பையன்தான்.